மனம் விட்டுப் பேசுவதும் மருத்துவமே: கிரீந்திரசேகர் போஸ்

கெடா தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயர் தெரியாமல் இருக்காது. பேராக்கில் உள்ள அந்த ஊரில் 1911-ஆம் ஆண்டு மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதனால் அந்த ஊர்ப் பெயரே நமக்குக் கேலிச் சொல்லாகிவிட்டது. ஒருவர் நான்கு நாள் பேசாமல் இருந்தால், அங்கே அனுப்ப வேண்டும் என்று கிண்டல் செய்வார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டே வளர்ந்ததால், தெரப்பி என்றால் என்ன, எனக்கு அது தேவையா என்று கேட்கவே நம்மில் பலர் கூச்சப்படுகிறோம்.

பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடம் எடுத்தபோது கிரீந்திரசேகர் போஸைப் பற்றிப் படித்தேன். அந்தக் கூச்சத்தை நீக்க அவருடைய வாழ்க்கை உதவும் என்று நினைக்கிறேன்.

1887-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், பீகாரில் உள்ள தர்பங்காவில் ஒரு வங்காளக் குடும்பத்தில் போஸ் பிறந்தார். அவருடைய தந்தை தர்பங்கா மன்னரின் திவான். இளம் வயதில் மாயாஜாலத்திலும் மனவசியத்திலும் போஸுக்கு ஆர்வம் இருந்தது. பின்னர் கல்கத்தாவில் மருத்துவம் படித்து 1910-இல் மருத்துவரானார். மனவேதனையோடு வந்தவர்களுக்கு முதலில் மனவசியத்தைக் கையாண்டார். பிறகு, அவர்களைத் தடையில்லாமல் பேசவிட்டுக் கேட்கும் முறைக்கு மாறினார். வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு வளர்த்த முறையும் இதுதான். அப்போது பிராய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் அதிகம் கிடைக்கவில்லை.

மருத்துவராக இருந்துகொண்டே மறுபடியும் மாணவரானார் போஸ். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து 1917-இல் முதுகலைப் பட்டமும், 1921-இல் முனைவர் பட்டமும் பெற்றார். நாம் வெளியே சொல்ல முடியாத ஆசைகளும் நினைவுகளும் மனத்தின் அடியில் அமுக்கப்பட்டு, அங்கிருந்தபடியே நம்மை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதே அவருடைய ஆய்வு. அந்த நூலைப் பிராய்டுக்கு அனுப்பினார். இருவரும் 1937 வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். நேரில் சந்திக்கவே இல்லை. பிராய்டு சொன்ன எல்லாவற்றுக்கும் போஸ் தலையாட்டவும் இல்லை. தம் நாட்டு நோயாளிகளுக்கு அவருடைய சில கருத்துகள் பொருந்தவில்லை என்று நேராகவே எழுதினார்.

1922-இல் கல்கத்தாவில் தம் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனால், எனக்கு அவருடைய மிகப் பெரிய வேலையாகத் தோன்றுவது 1933-இல் நடந்தது. இந்தியாவில் முதன்முறையாக ஒரு பொது மருத்துவமனையில், கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், மனநலத்துக்கான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். அதுவரை மன நோய்க்குச் சிகிச்சை என்றால், ஊருக்கு வெளியே பெரிய மதிலும் பூட்டிய கதவும்தான். அதன் பிறகு, காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் போகிற அதே மருத்துவமனைக்கு மனக் கவலையோடும் போகலாம். பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம்.

1940-இல் லும்பினி பார்க் என்ற மனநல மருத்துவமனையையும் நிறுவினார். அதற்கு இடம் கொடுத்தவர், புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளரான அவருடைய அண்ணன் ராஜசேகர் போஸ். 1953-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் கிரீந்திரசேகர் போஸ் காலமானார்.

இவர் பகவத் கீதைக்கு விளக்கம் எழுதியவர், புராணங்களை ஆராய்ந்தவர். சாமி கும்பிடுவதும் சிகிச்சைக்குப் போவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அவர் நினைக்கவில்லை. இதை நம் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஓர் அண்ணன், எஸ்.பி.எம். முடித்த பிறகு மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. செய்வினை என்று சொல்லிக் கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள். கிளினிக்குக் கூட்டிப் போவதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. இன்று அவர் வேலைக்குப் போகிறார். ஆனால், அந்த ஓராண்டை யார் திருப்பிக் கொடுப்பது?

தெரப்பி என்பது, அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவரிடம் குறித்த நேரத்தில், பல வாரங்கள் தொடர்ந்து பேசுவது. அவர் நம்மைத் திட்டமாட்டார், அறிவுரைகளை அடுக்கமாட்டார். நம் சிக்கலை நாமே பார்த்து, அதைச் சமாளிக்கும் வழிகளைப் பழக உதவுவார். உயிருக்கு ஆபத்து போன்ற நிலை இல்லாதவரை, நாம் சொல்வது வெளியே போகாது. மருந்து தேவைப்பட்டால் அதை மனநல மருத்துவர் தருவார். எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது.

நமக்குத் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேர்வுக்கு முன் ஒரு நாள் தூக்கம் வராதது இயல்பு. ஆனால், இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, படிப்பில் மனம் செல்லாமல், பிடித்தவர்களோடு பேசக்கூடப் பிடிக்காமல் இருந்தால், ஒருவரைப் பார்ப்பது நல்லது. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைத்தும் பேசலாம்.

பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பிரிவு உண்டு. பீடோங், கூலிம், பாடாங் செராய் என்று எங்கே இருந்தாலும் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் சுங்கைப் பட்டாணி அல்லது அலோர் ஸ்டார் பெரிய மருத்துவமனைக்கு அவரே கடிதம் தருவார். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம். இடைநிலைப் பள்ளியில் நான் மலாயில்தான் படித்தேன். ஆனாலும் மனம் கலங்கும்போது எனக்குத் தமிழ்தான் வருகிறது.

போஸ் அந்தப் பிரிவைத் தொடங்கி 90 ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் ஊர்களிலும் அப்படிப்பட்ட கதவு திறந்தேதான் இருக்கிறது. நண்பர் ஒருவர் அதற்குள் போகத் தயங்கினால், கேலி செய்யாமல் கூடவே போய் வெளியே உட்கார்ந்திருங்கள். அதுவே பெரிய உதவி.