செயலிழந்த இடக்கை

பால் உறையின்மீது பாஸ்சுரைஸ்டு என்னும் சொல்லைக் கண்டிருப்பீர்கள். அது பிரான்சு நாட்டு அறிவியலறிஞர் லூயி பாஸ்டரின் பெயரிலிருந்து பிறந்தது. அவர் 1822ஆம் ஆண்டு தோல் பதனிடுவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்.

பட்டுப்புழுக்களை அழித்த நோயை அவர் ஆராய்ந்துகொண்டிருந்த காலம். 1868 அக்டோபர் 19 அன்று பக்கவாதம் அவரைத் தாக்கியது. வயது 45. மூளையின் வலப்பகுதியே உடலின் இடப்பக்கத்தை இயக்குகிறது. அப்பகுதி பழுதுபட்டதால் இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. இக்காலத்தில் இத்தகையோர்க்கு விரைவிலேயே இயன்முறைப் பயிற்சி தொடங்குவர். அந்நாளிலோ காதின் பின்புறம் அட்டை விட்டு இரத்தம் உறிஞ்சச் செய்தனர்! கையை மீட்கும் வழியை எவரும் அறிந்திலர்.

ஆயினும் அவரது சிந்தனை மங்கவில்லை. சில நாள்களிலேயே, படுக்கையில் கிடந்தபடி ஆய்வுக் குறிப்பொன்றை அவர் சொல்ல, மாணவர் ஒருவர் எழுதினார். மூன்று திங்கள் கழித்து, நடை தளர்ந்த நிலையிலேயே, பட்டுப்புழு வளர்க்கும் தென்பிரான்சுக்குப் புறப்பட்டார். வீட்டார் தடுத்திருக்கலாம், மனைவி மேரியோ உடன் சென்றார். இடக்கை இறுதிவரை விறைத்தே இருந்தது. நுண்ணிய சோதனைகளை அவர் கருத்தின்படி உதவியாளர்கள் செய்தனர்.

அவரது பெரும்பணிகள் பல இதற்குப் பின்னரே நிகழ்ந்தன. 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு அவர் கண்டறிந்த தடுப்பு மருந்தை மருத்துவர் கிராஞ்சே ஊசி வழியே செலுத்தினார். பாஸ்டர் அருகில் நின்றார். சிறுவன் பிழைத்தான்.