நோவா வெப்ஸ்டரும் ஆங்கிலச் சொற்பிரிப்பும்

முன்னுரை

நெடுஞ்சொல்லைப் பிரிக்க இரு நெறிகள் உண்டு. ஒலிப்பின்வழி அசைகளாகப் பிரிப்பது ஒன்று; பொருளின்வழிப் பகுதி, விகுதி எனப் பிரிப்பது மற்றொன்று. இரண்டிலும் உழைத்து, முன்னதில் வென்று பின்னதில் வழுவியவர் அமெரிக்க அகராதியியலாளர் நோவா வெப்ஸ்டர் (1758–1843). அவர் வாழ்வை இந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆசிரியப் பணி

கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் உழவர் குடும்பத்தில் பிறந்த வெப்ஸ்டர், 1778இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1782இல் நியூயார்க் மாநிலத்தின் கோஷனில் பள்ளி நடத்தினார. அக்காலப் பள்ளிகளில் இங்கிலாந்தின் தாமஸ் டில்வொர்த் 1740இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூல் பெரிதும் வழங்கிற்று.

அசைப்பிரிப்பு

ஈருயிர்க்கு இடைப்பட்ட மெய் பின்னுயிரோடு சேரும் என்பது டில்வொர்த் பின்பற்றிய விதி. அதன்படி 'பிஷப்' என்னும் சொல்லின் முதலசை இகரத்தில் முடியும். ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற உயிரீற்றசை பெரும்பாலும் நீண்டொலிப்பதால், மாணவர் அதனைப் 'பை-ஷப்' எனப் படிக்க இடமுண்டு. அவ்வாறே 'க்ளஸ்டர்' என்பது 'க்ளூ-ஸ்டர்' ஆகும். 1783இல் ஹார்ட்ஃபோர்டில் வெளியிட்ட தம் நூலில் வெப்ஸ்டர் இதனை மாற்றினார். குற்றுயிரை அடுத்த மெய்யை முன்னசையோடு சேர்த்துப் 'பிஷ்-அப்', 'க்ளஸ்-டர்' எனப் பிரித்தார். 'நேஷன்' போன்ற சொற்களில் ஈரசையாகக் காட்டப்பட்ட ஈற்றினை ஓரசையாக்கினார். பிரிப்பு, கற்பவரைச் சரியான ஒலிப்புக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்பதே அவர்தம் கொள்கை. நீல அட்டை நூல் எனப் பெயர்பெற்ற அது கோடிக்கணக்கில் அச்சாயிற்று.

வேராய்வு

சுமார் 70,000 சொற்கள் கொண்ட அவரது பேரகராதி 1828இல் வெளிவந்தது. அதன்பொருட்டுப் பல மொழிகளைக் கற்ற அவர், விவிலியம் கூறும் ஒருமொழித் தோற்றத்தை ஏற்று, மெய்யொலிகளின் ஒப்புமை கொண்டு வேர்களைத் தொகுத்தார். வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் சமற்கிருத, கிரேக்க, இலத்தீன் உறவைச் சுட்டியிருந்தார். ஜெர்மானிய அறிஞர் ஒழுங்கான ஒலிமாற்றங்களை நிறுவிவந்தனர். வெப்ஸ்டர் அந்நெறியைத் தழுவவில்லை. அவர் மறைந்தபின், 1864ஆம் ஆண்டுப் பதிப்பில் பெர்லின் அறிஞர் மான் வேர் விளக்கங்களைப் புதிதாக எழுத நேர்ந்தது.

முடிவுரை

வெப்ஸ்டரின் அசைப்பிரிப்பை வகுப்பறையின் வாசிப்பு நாள்தோறும் சோதித்தது. வேராய்வுக்கு அத்தகைய சோதனை இல்லை. தோற்ற ஒப்புமையே அங்குச் சான்றாயிற்று. இன்றும் 'நாலெட்ஜ்' என்னும் சொல்லை வரியிறுதியில் பிரிக்கையில், அமெரிக்க மரபு லகரத்தை முன்னசையோடு சேர்க்கிறது. பிரித்தானியப் பழமரபோ அறிதலைக் குறிக்கும் 'நோ' என்னும் பகுதியைச் சிதையாமல் காக்கிறது. ஒலியசையும் பொருளுறுப்பும் எப்போதும் ஒன்றுவதில்லை என்பதும், ஒவ்வொன்றுக்கும் தனித்த அளவுகோல் வேண்டும் என்பதும் அவர் வாழ்வால் பெறப்படும் முடிபுகளாகும்.