காட்டையே நம்பி வாழ்ந்த மா. கிருஷ்ணன்

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் கருடனைப் படமெடுக்கக் காத்திருக்கும் போதெல்லாம் எனக்கு மா. கிருஷ்ணன் ஞாபகம்தான் வரும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை; 1912-இல் பிறந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல வேலை பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னை திரும்பி, எழுத்தையும் கேமராவையும் நம்பியே வாழ்ந்தார். படமெல்லாம் கறுப்பு வெள்ளை. கேமராகூட பழைய பாகங்களைச் சேர்த்து அவரே அமைத்தது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-இல் தொடங்கிய பத்தியை 1996-இல் மறையும்வரை விடவில்லை. பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

நம்ம தோட்டங்களில் ஆந்தையை அபசகுனம்னு கல்லெறிபவர்கள் இன்னும் உண்டு. செம்பனைக் காட்டு எலிகளைத் தின்று பயிரைக் காப்பதே அதுதான். லட்சுமியின் வாகனமும் அதுவே. தம்பி, தங்கைகளே! கல்லைக் கீழே போட்டுட்டு, கிருஷ்ணன் மாதிரி கொஞ்சம் நின்னு பாருங்க.