கடன் தீர்த்த பாடகி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், போர்ட் ஆர்தர் என்னும் எண்ணெய் ஆலை நகரில் 1943 ஜனவரி 19-ஆம் நாள் ஜேனிஸ் ஜாப்ளின் பிறந்தார். நிறவேற்றுமை வேரூன்றியிருந்த அவ்வூரில், வெள்ளைச் சிறுமியான அவருக்குக் கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளே ஆசான்களாயின. உடன்பயின்றோரின் ஏளனத்தைப் பாட்டிலே மறந்தார்.

1967-இல் மான்டரே இசைவிழாவில் பாடி நாடறிந்தவரானார். ஆயினும் அப்புகழில் அவர் நின்றுவிடவில்லை. ஓட்டிஸ் ரெட்டிங் போன்றோர் வளர்த்த 'சோல்' இசை அவரை ஆட்கொண்டது. 1968 இறுதியில் 'பிக் பிரதர்' குழுவிலிருந்து விலகி, டிரம்பெட், சாக்ஸபோன், ஆர்கன் ஆகியவை முழங்கும் புதுக்குழுவை அமைத்தார். அவ்விசையின் தலைநகரான மெம்ஃபிஸில் டிசம்பரில் பாடியபோது அவையோர் மகிழவில்லை. மனந்தளராமல், 1969-இல் 'காஸ்மிக் ப்ளூஸ்' எனச் சுருக்கமாக வழங்கும் இசைத்தட்டை வெளியிட்டார். ராக் இசையின் வேகமும் சோல் இசையின் உருக்கமும் அதில் கைகோத்தன. பழைய குழுவை விட்டது பிழை என விமர்சகர் சிலர் குறை கூறினர். இசைத்தட்டோ நன்கு விற்றது.

1937-இல் மறைந்த பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறை, பிலடெல்பியா அருகே பெயர் பொறித்த கல்லின்றி 33 ஆண்டுகள் கிடந்தது. அங்குக் கல் நாட்டும் செலவில் ஜேனிஸ் பங்கேற்றார். 1970 ஆகஸ்டில் கல் நாட்டப்பட்டது. இரண்டே மாதங்களில், அக்டோபர் 4 அன்று, ஹெராயின் என்னும் போதைப்பொருள் அவரைப் பலிகொண்டது. அப்போது வயது 27.

குருவுக்குப் பட்ட கடனைத் தீர்த்தவர், தம்மைக் காத்துக்கொள்ளத் தவறினார். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்போர் இவ்விரண்டையும் நினைவிற்கொள்ள வேண்டும்.