சீனிவாசராவும் பண்ணையாள் சட்டமும்

திருவரங்கத் தீவைத் தழுவிவரும் காவிரி, கல்லணையைக் கடந்ததும் கிளைகளாகப் பிரிந்து கீழத் தஞ்சை வயல்களுக்குள் நுழைகிறது. திருச்சியில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக வாதாடும் நாம், அவ்வழக்குகளின் வேரை அந்த வயல்களிலேயே காண்கிறோம்.

பி. சீனிவாசராவ் 1907-இல் கன்னடப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பைத் துறந்து விடுதலைப் போரில் இறங்கி, பின்னர் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். 1943-இல் தஞ்சைக்கு வந்து சேரிகளிலேயே உண்டு உறங்கிச் சங்கம் கட்டினார். அவரைத் தனியொரு மீட்பராக்கும் கதைகள் நமக்கு உடன்பாடன்று. சவுக்கடிக்கு முதுகு கொடுத்த தலித் பண்ணையாட்களே சங்கமாக எழுந்தார்கள். அவர்களுள் பலரின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை.

1944-இல் மன்னார்குடியில், அரசு அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதாரர்களும் சங்கமும் ஒப்பந்தம் கண்டனர். சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுதலும் ஒழிய வேண்டும், கூலி உயர வேண்டும் என்று முடிவாயிற்று. சங்கம் வலுவாயிருந்த ஊர்களில் அது நின்றது. பிற ஊர்களில் ஏட்டளவிலேயே கிடந்தது. 1952-இல் இராஜாஜி அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், கூலி நிர்ணயத்தையும் காரணமின்றி நீக்குவதற்கான தடையையும் தஞ்சை மாவட்டம் முழுமைக்கும் விரித்தது. சங்கத்தில் சேராதவரும் அதன் பயனுக்கு உரியவராயினர்.

ஆனால் ஓர் ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேற்பட்ட நிலமுடையோரையே சட்டம் கட்டுப்படுத்தியது. பாதுகாப்பும் பண்ணையாள் எனப்பட்டவருக்கே. மிராசுதாரர்கள் இவ்விரண்டு வழிகளிலும் தப்பினர். நிலம் உறவினர் பெயர்களில் பிரிக்கப்பட்டது. பண்ணையாள் தினக்கூலியாக மாற்றப்பட்டார். கூலியை எங்கும் ஒன்றாக்கினால் வேலை அழியும் என்போர் இந்த வரலாற்றைத் தமக்குச் சான்றாகக் காட்டக்கூடும். நாம் அதை ஏற்கவில்லை. வயல்கள் தரிசாகிவிடவில்லை, நடவும் அறுப்பும் நின்றுவிடவில்லை. ஆண்டு முழுதும் இருந்த பிடிமானம் மட்டுமே பறிபோனது. இன்று நிரந்தரத் தொழிலாளருக்கான ஊதிய ஒப்பந்தம் அதே கூடத்தில் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளரைத் தீண்டாமல் விலகிப் போவதும் இவ்வாறே. அவர் வேறொருவரின் ஆள் என்பதே நிர்வாகத்தின் வாதம்.

சீனிவாசராவ் 1961 செப்டம்பர் 30 அன்று மறைந்தார். அதன்பின் வெளியூர் ஆட்களை இறக்கி உள்ளூர்ச் சங்கத்தை முறிப்பது மிராசுதாரர்களின் கருவியாயிற்று. 1969-இல் வந்த நியாயக் கூலிச் சட்டம், பண்ணையாள், தினக்கூலி என்று பாராமல் வேளாண் தொழிலாளர் அனைவரையும் உள்ளடக்கியது. அதற்குள் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டிருந்தனர்.