தூண்டிலும் தோழமையும்

மீன்பிடித்தலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல்களுள் மிகப் பல பதிப்புகளைக் கண்டது, ஐசக் வால்டன் 1653ஆம் ஆண்டில் வெளியிட்ட 'முழுமையான தூண்டிற்காரர்' என்னும் நூலாகும். வெளிவந்தபோது அதன் விலை பதினெட்டுப் பென்ஸ். ஆசிரியரின் அகவை ஏறத்தாழ அறுபது. தூண்டிற்கலையின் ஆசானாக உலகம் போற்றிய அவர், அக்கலையின் அரிய பகுதி ஒன்றை எழுதும் உரிமையைத் தம்மினும் முப்பத்தேழு ஆண்டுகள் இளையவரிடம் ஒப்படைத்தார்.

வால்டன் 1593இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டு நகரில் பிறந்தார். சிறு அகவையிலேயே தந்தையை இழந்து, லண்டன் சென்று துணி வணிகரானார். பல்கலைக்கழகம் செல்லாதவர் எனினும், கவிஞர் ஜான் டன் முதலான அறிஞர்கள் அவருக்கு நண்பராயினர். டன்னின் வாழ்க்கை வரலாற்றை 1640இல் எழுதி, எழுத்தாளராக அறிமுகமானார். அதே ஆண்டில் அவருடைய மனைவி ரேச்சல் மறைந்தார். அவர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளுள் ஒன்றுகூடத் தங்கவில்லை. வீட்டில் இத்துயரம் என்றால், நாட்டில் மன்னர் படைக்கும் நாடாளுமன்றப் படைக்கும் போர் மூண்டது. 1649இல் மன்னரே கொல்லப்பட்டார். 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற இளவரசர் தப்பியோடியபோது, அவருக்குரிய அணிகலன் ஒன்றை மறைவாக லண்டனுக்குக் கொண்டுசேர்த்தவர் வால்டன். பிடிபட்டிருந்தால் உயிருக்கே கேடு. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நூலில் குருதியும் இல்லை, கூக்குரலும் இல்லை. ஆறும் புல்வெளியும் பாட்டும் உரையாடலுமே உள்ளன. அந்த அமைதி, துன்பம் அறியாதவரின் அமைதி அன்று.

அந்நூலில் வரும் லீ ஆறு லண்டனுக்கு வடக்கே மெல்ல நடப்பது. அத்தகைய நீரில் மண்புழுவையும் சிறு மீனையும் தூண்டிலில் கோத்துக் காத்திருப்பதில் வால்டன் வல்லவர். செயற்கை ஈயால் மீன்பிடிப்பது வேறொரு கலை. அதில் தம் அறிவு போதாது என்பதை அவர் மறைக்கவில்லை. தாமஸ் பார்க்கர் என்பவரின் சிறுநூலிலிருந்து பெற்றதைப் பெயர் சுட்டியே சொன்னார்.

அக்கலையில் தேர்ந்தவர் சார்லஸ் காட்டன். கவிஞர், மொழிபெயர்ப்பாளர், எந்நாளும் கடனில் உழன்றவர். அவருடைய பெரஸ்ஃபோர்டு மாளிகையை ஒட்டி டவ் ஆறு ஓடியது. சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே விரைந்து பாயும் ஆறு. அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் தெரியும் தெளிந்த நீர். டிரவுட் மீன், கல்லின் மறைவில் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்து வரும் பூச்சிகளைக் கவ்வும். நாம் மீனைக் காணுமுன் மீன் நம்மைக் கண்டுவிடும். ஆதலால் 15 முதல் 18 அடி நீளமுள்ள கோலை ஏந்தி எட்ட நிற்க வேண்டும். குதிரைமயிரை முறுக்கிய கயிறு நுனி நோக்கி மெலிந்து வந்து, முள்ளருகே இரண்டே மயிரிழையாக முடியும். இருபது அங்குல டிரவுட்டையும் அவ்விரண்டு இழைகளால் வசப்படுத்தத் தெரியாதவரைத் தூண்டிற்காரராகவே காட்டன் மதிக்கவில்லை. முள்ளின்மேல் விலங்கின் மென்மயிரும் பறவையின் இறகும் சுற்றி ஈ செய்யப்படும். அந்த மயிரைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒரு நிறம், கதிரவனுக்கு எதிரே பிடித்தால் வேறொரு நிறம். நீரிலிருந்து அண்ணாந்து நோக்கும் மீனுக்குத் தெரிவது இரண்டாவது நிறமே என்பதைக் காட்டன் கண்டறிந்திருந்தார்.

வால்டன் முதுமையிலும் அவ்வாற்றங்கரைக்கு விருந்தினராகச் சென்றார். காட்டன் அவரைத் தந்தை என்றே அழைத்தார். வால்டனும் அவரை மகனாக ஏற்றார். 1674இல் காட்டன் ஆற்றோரத்தில் ஓர் அறை கொண்ட சிறு கல்வீட்டைக் கட்டி, இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் பின்னிப் பிணைத்து வாயிலின் மேல் பொறிக்கச் செய்தார்.

தம் நூலின் ஐந்தாம் பதிப்புக்கு ஈத்தூண்டில் பற்றி எழுதித் தருமாறு வால்டன் கேட்டுக்கொண்டார். காட்டன் பத்து நாள்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே அதனை எழுதி முடித்து, 1676 மார்ச்சில் அனுப்பினார். அதில் வழிப்போக்கன் ஒருவன் டவ் ஆற்றுக்கு வருகிறான். அந்தக் கல்வீட்டைக் கண்டு வியக்கிறான். ஈ கட்டக் கற்கிறான். தன் கையால் கட்டிய ஈயைக் கவ்வி ஒரு டிரவுட் கரையேறியதும் குழந்தைபோல் மகிழ்கிறான். அவனுக்குக் கற்பிப்பவரோ பேச்சினூடே தம் தந்தை வால்டனை நினைவுகூர்ந்தபடியே இருக்கிறார். வால்டனின் மொழியழகு காட்டனுக்கு இல்லைதான். ஆனால் விரைந்தோடும் நீரை அறிந்த கை அவருடையது. அதை வால்டன் தம் நூலின் இரண்டாம் பகுதியாகச் சேர்த்து அச்சிட்டார்.

ஏப்ரல் 29ஆம் நாள் அவர் காட்டனுக்கு நன்றி கூறி மடல் எழுதினார். அப்போது அவருக்கு எண்பத்து மூன்றாம் அகவை; இருவருக்கும் இடையே நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவு. அவ்விரண்டையும் மறந்து, அடுத்த திங்களில் டவ் ஆற்றங்கரைக்குப் பயணம் தொடங்க எண்ணியிருப்பதாக அம்மடலில் தெரிவித்தார்.

கடன் தாளாமல் காட்டன் 1681இல் பெரஸ்ஃபோர்டை விற்றார். வால்டன் 1683 டிசம்பர் 15 அன்று வின்செஸ்டரில் மறைந்து, அந்நகரப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். டவ் ஆற்றங்கரையில் அக்கல்வீடு இன்றும் நிற்கிறது.