மோதலை அளந்த மேதை

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை உண்டென்று கூறுதல் எளிது. அஃது எத்துணை உண்டென்று அளந்து காட்டுதல் அரிது. அவ்வரிய செயலை ஆற்றியோருள் ஒருவர் புரூனோ டூஷெக் என்னும் இயற்பியல் அறிஞர்.

அவர் 1921ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள், ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் பிறந்தார். தந்தையார் படை அலுவலர். யூதர் மரபினராகிய தாயார், மகனின் இளமையிலேயே இயற்கை எய்தினார். 1938ஆம் ஆண்டு இட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. தாய்வழிப் பிறப்பையே குற்றமாகக் கொண்டு, 1940ஆம் ஆண்டில் டூஷெக்கைப் பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கினர். ஆயினும் அவர்தம் கல்வி வேட்கை தணிந்திலது. அறிஞர் சிலரின் துணையால் ஜெர்மனியின் ஆம்பர்க் நகரை அடைந்து, வீடெரோ என்னும் நார்வே நாட்டு அறிஞர் அமைத்துவந்த எலெக்ட்ரான் முடுக்கப் பொறியின் ஆய்வில் பங்குகொண்டார்.

போர் முடியுந் தறுவாயில், 1945ஆம் ஆண்டில், இரகசியக் காவலர் அவரைச் சிறையிலிட்டனர். கைதிகளைக் கீல் நகர் நோக்கி நடத்திச் சென்றபோது, நோயினாலும் தாம் சுமந்த நூல்களின் பளுவினாலும் தளர்ந்து அவர் வழியில் வீழ்ந்தார். காவலன் ஒருவன் சுட்டான், குருதி பெருகியது. இறந்தார் எனக் கருதி அவரை அங்கேயே விட்டுச் சென்றனர். குண்டு தலையின் ஓரத்தை மட்டுமே காயப்படுத்தியமையால் அவர் உயிர் பிழைத்தார்.

போருக்குப் பின் கிளாஸ்கோ நகரில் பயின்று 1949ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1952ஆம் ஆண்டில் இத்தாலியின் உரோமை நகரில் குடியேறினார். அந்நகரை அடுத்த பிரஸ்காட்டி ஆய்வுக்கூடத்தில், 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள், அவர் ஒரு புதுக்கருத்தை வெளியிட்டார். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் எடையில் ஒத்தவை, மின்னேற்றத்தில் மாறுபட்டவை. ஆதலின் ஒரே காந்த வளையத்துள் அவை எதிரெதிர்த் திசையில் சுழன்று தம்முள் மோதும் என்பதே அக்கருத்து. ஓராண்டு நிறையுமுன்னரே 'ஆடா' என்னும் வளையம் இயங்கலாயிற்று. அது மாட்டுவண்டிச் சக்கரத்தின் அளவினதே. போதிய பாசிட்ரான்களைப் பெறும்பொருட்டு, 1962ஆம் ஆண்டில் அதனைப் பிரான்சு நாட்டின் ஓர்சே ஆய்வுக்கூடத்திற்கு வண்டியிலேற்றிச் சென்றனர்.

துகள்கள் சுழன்றன, அவை மோதினவா? இருட்டறையில் இருபுறமும் நின்று இருவர் கைப்பிடிக் கடுகை எதிரெதிரே எறிவதாகக் கொள்வோம். பெரும்பாலானவை ஒன்றையொன்று தீண்டாமலே செல்லும். மோதல்களின் எண்ணிக்கை இரண்டினைப் பொறுத்தது. ஒன்று, துகள் தன் எதிர்த்துகளுக்கு இலக்காகக் காட்டும் பரப்பு. இதனைக் குறுக்குவெட்டுப் பரப்பு என்பர். மற்றொன்று, துகட்கற்றைகள் எத்துணை நெருக்கமாகவும் அடிக்கடியும் சந்திக்கின்றன என்னும் அளவு. இதனை ஒளிர்வு என்பர். இவ்விரண்டின் பெருக்கமே ஒரு நொடியில் நிகழும் மோதல்களின் எண்ணிக்கை. ஒளிர்வை அறியாதவன் மோதல்களை எண்ணியும் இயற்கையின் பரப்பை அறியான்.

ஆடாவின் ஒளிர்வோ மிகச் சிறிது. 1963ஆம் ஆண்டில் வேறோர் இடரும் தோன்றியது. துகள்கள் மிகுந்தோறும் கற்றையின் ஆயுள் குறைந்தது. ஒரே கூட்டத்துத் துகள்கள் தம்முள் உராய்ந்து சிதறுதலே காரணமென டூஷெக் கணக்கிட்டுக் காட்டினார். அது இன்றும் அவர் பெயராலேயே 'டூஷெக் விளைவு' என வழங்குகிறது.

அரிய வினைகளைக் காண வழியில்லாமையால், அவரும் தோழரும் பரப்பு முன்னரே கணிக்கப்பெற்ற, அடிக்கடி நிகழும் வினையொன்றைத் தேர்ந்தனர். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதுங்கால் காமாக் கதிர் எழும். ஆனால் வளையத்தில் எஞ்சிய காற்றில் மோதினும் அக்கதிர் எழுமே! அவர்கள் நுட்பமாகச் சிந்தித்தனர். காற்றினால் எழுவதாயின், கதிர் ஒரு கற்றையின் துகள் எண்ணிக்கையை மட்டுமே பொறுத்திருக்கும். எதிர்க்கற்றை பெருகுந்தோறும் கதிரும் மிகுமாயின், அம்மிகை உண்மையான மோதலின் விளைவாம். சுழலும் துகள்கள் உமிழும் ஒளியைக் கொண்டு அவற்றின் தொகையை அறிந்து, கதிர்களை எண்ணி ஒப்பிட்டனர். எதிர்க்கற்றை பெருகப் பெருகக் கதிரும் மிகுந்தது. மோதல் மெய்யென நிறுவப்பெற்றது, ஒளிர்வும் அளக்கப்பெற்றது. 1964ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று.

டூஷெக் 1978ஆம் ஆண்டு மேத்திங்கள் 25ஆம் நாள், தம் 57ஆம் அகவையில் மறைந்தார். அவர் காட்டிய வழியில் வளையங்கள் வளர்ந்தன. ஜெனீவா நகரருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எலெக்ட்ரான்–பாசிட்ரான் வளையம் 1989 முதல் 2000 வரை இயங்கியது. நம் நாட்டு அறிஞர் ஓமி பாபா 1936ஆம் ஆண்டில் கணித்து வெளியிட்ட சிதறலே அங்கு ஒளிர்வை அளக்கும் அளவுகோலாயிற்று.

மாணவர்களே! சாலையோரத்தில் இறந்தாரென விடப்பட்டவர், பின்னாளில் உலக அறிவைப் பெருக்கினார். தம் பொறியின் மீது பேரன்பு கொண்டிருந்தும், அது பயன் தந்ததென்று அவர் வாளா கூறிவிடவில்லை. எண்ணிப் பார்த்த பின்னரே கூறினார். அந்நேர்மையை நாமும் மேற்கொள்வோமாக.